அடுப்பை அணைத்த பிறகு சீஸ்

சிப்ஸும் பாணும் தொட்டுச் சாப்பிட நான் முதன்முதல் செய்த சீஸ் டிப்புக்குள் கரண்டியை விட்டுத் தூக்கியபோது சட்டியும் சேர்ந்து மேலே வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அன்று கிரிக்கெட் பார்க்க ஏழெட்டுப் பேர் வருவதாக இருந்தது. நல்ல சீஸாக இருக்கட்டும் என்று விலை கூடிய, நன்றாக முதிர்ந்த செடார் கட்டி ஒன்றை வாங்கினேன். துருவி, கொதிக்கிற பாலில் கொட்டி, கெதியாக உருகட்டும் என்று அடுப்பையும் கூட்டி வைத்தேன். அடியில் ரப்பர், நடுவில் மணல், மேலே மஞ்சள் எண்ணெய். வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு சிப்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் கட்லட் பக்கம் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும், "இது என்ன பிள்ளை, பசையா?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

மாமி கேட்டதில் பிழை இல்லை. சீஸிலும் பிழை இல்லை. நெருப்பில்தான் பிழை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் நாலைந்து கட்டிச் சீஸ் செலவானது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓவன் தேவையில்லை. ஒரு கேஸ் அடுப்பு, அடி தடித்த சட்டி, முட்டை அடிக்கிற கம்பி, ஒரு துருவி போதும். சுடுதண்ணீர் வைக்கத் தெரிந்தால் இதுவும் செய்யலாம்.

எதை வாங்குவது

சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அலுமாரிக்கு முன்னால் நின்றால் குழப்பமாகத்தான் இருக்கும். டிப் செய்ய வருபவருக்கு அதிலுள்ள பாதி தேவையில்லை. மொஸரெல்லா பீட்சாவுக்கு நல்லது. டிப்பில் போட்டால் நூல் நூலாக இழுபடும், ஆறினதும் இறுகிவிடும். பனீர் உருகவே உருகாது. எவ்வளவு சூடாக்கினாலும் துண்டு துண்டாகவே கிடக்கும். துருவிப் பையில் அடைத்து விற்கிற சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாப்பொருள் தூவியிருப்பார்கள். அவசரத்துக்கு உதவும், ஆனால் டிப் கொஞ்சம் மாப்பிடித்தது போல வரும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே நல்லது.

எட்டுப் பேருக்கு 150 கிராம் செடார் எடுங்கள். முதிராத, மென்மையான ரகமாக இருக்கட்டும். அதோடு வட்டப் பெட்டியில் முக்கோணத் துண்டுகளாக வருகிற சீஸில் 3 துண்டு. பெட்டிச் சீஸ் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அது பிள்ளைகள் பாணில் பூசித் தின்கிற சாமான், விருந்துக்கா என்று கேட்பார்கள். அந்த முக்கோணத்துக்குள்தான் டிப்பின் ரகசியமே இருக்கிறது.

சீஸ் என்பது பாலின் புரதம் பின்னிய ஒரு வலை. வலைக்குள் கொழுப்பும் தண்ணீரும் அடைபட்டிருக்கின்றன. அந்த வலையைப் பிடித்துக்கொண்டிருப்பது கல்சியம். சூடு கூடினால் புரதம் சுருங்கி இறுகும், உள்ளேயிருந்த கொழுப்பு வெளியே ஓடிவிடும். என் சட்டியில் மிதந்த மஞ்சள் எண்ணெய் அதுதான். முதிர்ந்த சீஸில் தண்ணீர் குறைவு, வலையும் ஏற்கெனவே சிதைந்திருக்கும். அதனால் அது இன்னும் சுலபமாகப் பிரிந்துவிடும். 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸோடு சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து உருக்கிப் பார்த்தார்கள். அந்த உப்பு கல்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, புரதம் அவிழ்ந்து கொழுப்பைப் பிடித்துவைத்துக்கொண்டது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் போன்ற ஊர்களுக்காகவே கண்டுபிடித்தது என்று சொன்னாலும் தகும். 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் இதே போன்ற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். நீலப் பேணியில் வந்த கிராஃப்ட் சீஸை வெட்டித் தந்த அம்மம்மாக்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள்.

பெட்டிச் சீஸும் இந்த வழியில் வந்ததுதான். ஆக, அந்த 3 துண்டில் இருக்கும் இப்படியான உப்பு உங்கள் 150 கிராம் செடாரையும் சேர்த்துக் கட்டிக்காக்கும். ருசி செடாரிலிருந்து வரும், வழவழப்பு பெட்டிச் சீஸிலிருந்து வரும். பெட்டிச் சீஸை மட்டும் போட்டால் வழவழப்பு இருக்கும், ருசி சப்பென்றிருக்கும். செடாரை மட்டும் போட்டால் என் கதைதான்.

வாங்கும்போதே யார் யார் வருகிறார்கள் என்று யோசித்துவிடுங்கள். சில சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும். சுத்த மரக்கறிக்காரரும் ஹலால் பார்ப்பவரும் வந்தால் பெட்டியின் பின்புறத்தை வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூடலா? அன்று மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இருப்பார்கள். மாசிக் கருவாடு போட்ட சம்பல் மேசையில் இருந்தால் அதைத் தனியே வைத்துச் சொல்லிவிடுங்கள். போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் இறைச்சிக் கடை பூட்டு, சாராயக் கடையும் பூட்டு. சொசேஜ், கோழி எல்லாம் முதல் நாளே வாங்கியாக வேண்டும். சீஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் வட்டத்தில் டிப் பிரபலமானதே ஒரு போயா விடுமுறையில்தான்.

அடிப்படை டிப்

தேவையானவை: பட்டர் 30 கிராம், கோதுமை மா 2 மேசைக்கரண்டி, பால் 350 மில்லி, மேலே சொன்ன சீஸ், அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, மிளகுத் தூள். திரவப் பால் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 6 மேசைக்கரண்டி பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்தால் சரி. சீனி போட்டுவிடாதீர்கள், கை பழக்கத்தில் போய்விடும்.

1. முதலில் சீஸைத் துருவி வெளியே வையுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு துருவினால் துருவியில் அப்பாது. துருவியதை அரை மணி நேரம் மேசையில் விட்டால் குளிர் போய்விடும். குளிர்ந்த சீஸைப் போட்டால் உருக நேரமெடுக்கும். நேரமெடுத்தால் நீங்கள் அடுப்பைக் கூட்டுவீர்கள். கூட்டினால் போச்சு.

2. சிறு தீயில் பட்டரை உருக்குங்கள். நுரை அடங்கியதும் மாவைக் கொட்டிக் கிளறுங்கள். 2 நிமிடம் போதும். பச்சை மா வாசம் போய் பிஸ்கட் சுடுகிற வாசம் வர வேண்டும். நிறம் மாறவிடக் கூடாது.

3. பாலை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு முதலில் ஒரு கரண்டி மட்டும் விடுங்கள். மா உருண்டு களி போல நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்கும். கம்பியால் அடித்து வழவழப்பாக்கிவிட்டு அடுத்த கரண்டி. அப்புறம் இன்னொன்று. பாதிப் பால் முடிந்த பிறகு மிச்சத்தை ஒரேயடியாக விடலாம்.

4. இனி மெல்லக் கொதிக்கவிட்டு 4 நிமிடம் கிளறுங்கள். அடி மூலைகளை மறக்காதீர்கள். கரண்டியின் முதுகில் பிடித்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். இந்த இடத்தில் தண்ணியாக இருந்தால் இப்போதே இன்னும் கொஞ்சம் காய்ச்சுங்கள். சீஸ் போட்ட பிறகு காய்ச்ச முடியாது.

5. அடுப்பை அணையுங்கள். குறைப்பது அல்ல, அணைப்பது. சட்டியைப் பக்கத்தில் இறக்கி வைத்து 1 நிமிடம் சும்மா நில்லுங்கள்.

6. முதலில் பெட்டிச் சீஸைப் பிய்த்துப் போட்டுக் கரையுங்கள். பிறகு செடாரை ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். ஒரு பிடி மறைந்த பிறகுதான் அடுத்த பிடி. கடுகையும் மிளகையும் சேர்த்து, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது, பெட்டிச் சீஸிலேயே உப்பு நிறைய.

அவ்வளவுதான். ஐந்தாம் படியில் நிற்கிற அந்த 1 நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சீஸ் உருகக் கொதி நிலை தேவையில்லை, சூடான பாலின் சூடே தாராளம். "ஆறிவிடுமே" என்று மனம் கிடந்து அடிக்கும். விடுங்கள். தடித்த சட்டி அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

சட்டியில் இருக்கும்போது உங்களுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள். மேசைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் தானாகத் தடித்துவிடும். தடித்துப் போனால் சூடான பால் ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் சரிவரும். மா கட்டிபட்டுப் போனால் சீஸ் போடுவதற்கு முன் ஒரு தடவை வடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. எண்ணெய் பிரியத் தொடங்குவது கண்ணில் பட்டால் உடனே சட்டியை இறக்கி, வெதுவெதுப்பான பால் 2 மேசைக்கரண்டியும் இன்னொரு துண்டு பெட்டிச் சீஸும் போட்டு நன்றாக அடியுங்கள். பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். ரப்பராகவே மாறிவிட்டால் சேராது. அதைப் பாணில் பூசிச் சுட்டுத் தின்ன வேண்டியதுதான்.

இதை எங்கள் ருசிக்குக் கொண்டுவருவது

வெறும் சீஸ் டிப் மூன்று வாய்க்கு மேல் எங்கள் நாக்குக்குத் திகட்டும். ஏதாவது உறைப்பு, புளிப்பு, மொறுமொறுப்பு வேண்டும்.

நான் அதிகம் செய்வது பச்சை மிளகாய் போட்டது. ஒரு பம்பாய் வெங்காயம், 3 பச்சை மிளகாய், 2 பல் உள்ளி எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, தாச்சியில் கொஞ்சம் எண்ணெயில் வதக்குங்கள். ஒரு தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் அரிந்து போட்டு, ஈரம் வற்றும்வரை வதக்கி, ஆறவிட்டு, முடிந்த டிப்பில் கலக்குங்கள். ஈரம் வற்றாமல் கொட்டினால் தக்காளிப் புளி பாலைத் திரைத்துவிடும். தேசிக்காயும் அப்படித்தான். பரிமாறும்போது மேலே நாலு துளி விடலாம், சட்டிக்குள் பிழியக் கூடாது.

இரண்டாவது, வெங்காயத்தை மிளகாயும் சீனியும் போட்டு வதக்கிச் செய்கிற சீனிச் சம்பல். டிப்பைக் கிண்ணத்தில் ஊற்றி நடுவில் 2 மேசைக்கரண்டி சீனிச் சம்பலைக் குவித்து வையுங்கள். கலக்காதீர்கள், கலந்தால் நிறம் மண்ணாகிவிடும். ஆளாளுக்கு ஓரத்திலிருந்து கொஞ்சம் சம்பலையும் இழுத்துக்கொண்டு போவார்கள். சீஸின் உப்பும் சம்பலின் இனிப்பும் உறைப்பும் சேருகிற அந்த வாய்க்காகவே சிலர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

கீரை டிப் மேல்நாட்டில் பெரிய பெயர். இங்கே அதைப் பசளியில் செய்து பார்த்தேன், வழுவழுவென்று போய்விட்டது. கங்கூன் இலை பரவாயில்லை. என் கணக்கில் முருங்கையிலைதான் முதலாவது: 2 பிடி இலையைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, கையால் இறுக்கிப் பிழிந்து, அரிந்து கலக்க வேண்டும். லேசான கசப்பு ஒன்று இருக்கும். அந்தக் கசப்பு சீஸுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பிழிவதில் சோம்பல்பட்டால் டிப் சாம்பாராகும்.

இறால், டின்மீன், சொசேஜ் எல்லாம் போடலாமா? போடலாம். தனியே பொரித்து மேலே தூவுங்கள், உள்ளே வேகவைக்காதீர்கள்.

அடுப்பே வேண்டாத ஒன்று

கொழும்பு ஏப்ரல் மாதத்தில் சூடான டிப்பை நினைத்தாலே வியர்க்கும். அதற்குக் குளிர்ந்த டிப். சட்டியில் வருகிற எருமைத் தயிர் இதற்கென்றே பிறந்தது. எருமைப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்புக் கூட, அதனால் வடித்தால் கிரீம் போல வரும். 500 கிராம் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு வடியில் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து, பிரிட்ஜுக்குள் ஓர் இரவு விடுங்கள். வெளியே தொங்கவிட வேண்டாம், எங்கள் வெக்கைக்குப் புளித்துவிடும். காலையில் துணியில் இருப்பது கத்தியால் பூசுகிற பதத்தில் இருக்கும். வடிந்த தண்ணீரை ரொட்டிக்கு மா குழைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெங்காயம். 2 பம்பாய் வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, பட்டரும் எண்ணெயும் பாதிப் பாதி விட்டு, மிகச் சிறு தீயில் அரை மணி நேரம் வதக்குங்கள். நெருப்பைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் முடித்தால் கருகிய வெங்காயம் கிடைக்கும், இனிப்பு வராது. செம்பழுப்பாகி, பாணி போல ஒட்டத் தொடங்கியதும் இறக்கி, முழுதாக ஆறவிட்டு, வடித்த தயிரோடும் 2 துண்டு பெட்டிச் சீஸோடும் பிசைந்து, உப்பு, மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை. மேலே பொரித்து நொறுக்கிய கறிவேப்பிலை. குறைந்தது 2 மணி நேரம் பிரிட்ஜில் இருந்தால்தான் ருசி ஏறும்.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. 1950களில் அமெரிக்காவில் லிப்டன் வெங்காய சூப் பொடியைப் புளித்த கிரீமில் கலந்து செய்த டிப் வீட்டுக்கு வீடு பரவியது, அதன் வழியில் வந்ததுதான். லிப்டன் என்றால் யார்? 1890இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டம் வாங்கி, அப்புத்தளை தம்பதென்னையில் தொழிற்சாலை வைத்த அதே மனிதரின் பெயர்தான். தேயிலைப் பெயர் வெங்காயப் பொடியில் ஏறி, கடல் சுற்றி, எங்கள் எருமைத் தயிருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே பரிமாறினால் டிப் இன்னும் கொஞ்சம் கூடப் போகும்.

தொட்டுக்கொள்ள

கடைச் சிப்ஸ் பைகளை மட்டும் அடுக்காதீர்கள். அவற்றில் பாதி டிப்பின் பாரம் தாங்காமல் உடைந்து கிண்ணத்துக்குள் விழுகின்றன. மரவள்ளிச் சிப்ஸ் தாங்கும், கொஞ்சம் தடிப்பாகச் சீவியதாக வாங்குங்கள். உறைப்புத் தூள் போட்டதும் வேண்டாம், டிப்பிலேயே உறைப்பு இருக்கிறது. கிறீம் கிறேக்கர் எப்போதும் கைகொடுக்கும். ரோஸ் பாணை விரல் தடிப்பில் நீளமாக வெட்டி, தோசைக்கல்லில் பட்டர் தடவி இரண்டு பக்கமும் சுட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வருகிற பாண் ஓட்டோவை நம்பலாம், ஆனால் சுடச்சுட வருகிற பாண் வெட்டும்போது நசிந்துவிடும், ஒரு மணி நேரம் ஆறட்டும்.

மிஞ்சிய வீச்சு ரொட்டி இருந்தால் அதை முக்கோணமாக வெட்டி, எண்ணெயில்லாத தாச்சியில் சிறு தீயில் மொறுமொறுப்பாகும்வரை திருப்பித் திருப்பிப் போட்டு எடுங்கள். நாச்சோஸ் என்கிறார்களே, அதுவும் இப்படி இருந்ததை வைத்துச் செய்ததுதான். 1940களில் மெக்சிக்கோவின் எல்லை நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனயா என்பவர் வேலை செய்த உணவகத்துக்கு நேரமில்லாத நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிட, சமையற்காரரைக் காணோம். குசினியில் கிடந்த சோள ரொட்டித் துண்டுகளில் சீஸையும் மிளகாயையும் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள்.

மரக்கறியில் கரட், வெள்ளரிக்காய், கறிமிளகாய். வெள்ளரிக்காயின் விதைப் பகுதியை வழித்துவிடுங்கள். போஞ்சியைக் கொதிநீரில் 1 நிமிடம் போட்டு எடுத்தால் பச்சை நாற்றம் போய், கடித்தால் சத்தமும் கேட்கும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யன்னலைத் திறந்தால் காற்று நல்லது, சிப்ஸுக்கு நல்லதல்ல. உப்புக் காற்றில் அரை மணி நேரத்தில் நமத்துப்போகும். பையைக் கடைசி நிமிடத்தில் உடையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். நமத்துப்போனதை வெறும் தாச்சியில் இரண்டு புரட்டுப் புரட்டி ஆறவிட்டால் திரும்ப உயிர் வரும்.

எச்சில் பிரச்சினை

டிப் என்ற சாமான் எங்கள் வீடுகளில் நுழையும்போது முதலில் எழுகிற கேள்வி சீஸ் பற்றியதல்ல. "எல்லாரும் ஒரே கிண்ணத்துக்குள்ளயா கை விடப் போறீங்கள்?" வயதானவர்கள் வாய்விட்டுக் கேட்பார்கள், மற்றவர்கள் கேட்காமல் தள்ளி உட்காருவார்கள். கடித்த சிப்ஸைத் திரும்பத் தோய்க்கிற ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவர் கூச்சமில்லாத ஆள், நல்ல மனிதர், பாட்டும் பாடுவார். ஆனாலும் எச்சில் எச்சில்தான்.

இதற்கு நான் சண்டை பிடித்துத் தோற்று, பிறகு கண்ட வழி இது: பெரிய கிண்ணத்தை நடுவில் வைத்து அதற்குள் ஒரு சிறு அகப்பை. பக்கத்தில் கோப்பைத் தட்டுகள் அடுக்கி வையுங்கள். ஆளாளுக்கு 2 அகப்பை தங்கள் தட்டில் ஊற்றிக்கொண்டு தொட்டுச் சாப்பிடட்டும். சம்பலும் சட்னியும் நாங்கள் இப்படித்தானே சாப்பிடுகிறோம்? டிப்புக்கு மட்டும் ஏன் வேறு சட்டம். பிள்ளைகள் கூட வருகிற நாளில் சிறு கிளாஸ்களில் அடியில் டிப்பை விட்டு, கரட்டும் வெள்ளரிக்காயும் குத்தி நிறுத்திக் கொடுத்தால் தரையும் தப்பும்.

சூடாக வைத்திருப்பதற்கு இங்குள்ள எல்லா வீட்டிலும் ஒரு கருவி இருக்கிறது, யாரும் நினைப்பதில்லை. ரைஸ் குக்கர். உள்பாத்திரத்தில் இரண்டு விரற்கடை சுடுதண்ணீர் விட்டு, டிப் கிண்ணத்தை அதற்குள் இறக்கி, சூடாக வைத்திருக்கும் நிலையில் போட்டுவிடுங்கள். இரவு முழுவதும் இளகியே இருக்கும். சமைக்கும் நிலைக்குத் தட்டிவிட்டால் மாமியின் பசை திரும்பவும் வரும், சுவிட்ச் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். மண்சட்டியில் பரிமாறினால் வடிவாகவும் இருக்கும், சூடும் தங்கும். ஆனால் சமையல் சட்டியாக இருக்க வேண்டும். தயிர் வந்த சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள், நெருப்பைத் தாங்காது.

ரைஸ் குக்கரில் இல்லாமல் வெறுமனே மேசையில் இருக்கும் டிப்புக்கு ஆயுள் 2 மணி நேரம். வெளியில் வெயில் 32 பாகைக்கு மேல் போகிற நாளில் 1 மணி நேரம்தான். பாலும் சீஸும் கெட ஆரம்பிப்பது மூக்குக்குத் தெரியாது. அதனால் பாதியை மட்டும் வெளியே வைத்து, மீதியை உள்ளே வைத்துக்கொண்டு நிரப்புங்கள். குளிர்ந்த தயிர் டிப்பை ஐஸ் கட்டி போட்ட பெரிய கிண்ணத்துக்குள் அமர்த்தலாம்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொண்டால் நீங்களும் வந்தவர்களோடு உட்காரலாம். முதல் நாள் இரவு தயிர் கட்டுவது. காலையில் வெங்காய வேலை. மத்தியானம் மரக்கறி வெட்டி ஈரத் துணி போட்டுப் பிரிட்ஜில் வைப்பது, பாண் சுடுவது. வெள்ளைச் சோஸை நாலாம் படிவரை செய்து வைத்துவிடலாம். ஆடை படியாமல் மேலே ஒரு கரண்டி பால் தெளித்து மூடுங்கள். வாசல் மணி அடித்ததும் சோஸைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, சீஸைப் போட்டால் 5 நிமிடம்.

மிஞ்சினால்

மேசைக்கு வராமல் உள்ளே தனியாக எடுத்துவைத்த டிப் பிரிட்ஜில் 2 நாள் இருக்கும், கட்டியாக உறைந்துபோய். அதைத் திரும்பவும் டிப்பாக்க மெனக்கெடாதீர்கள், சாப்பாடாக்குங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு விருந்தைவிட இந்த மறுநாள் சாப்பாடுதான் பிடிக்கும்.

200 கிராம் மக்கரோனியை அவித்து, அவித்த தண்ணீரில் அரைக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு வடியுங்கள். சூடான மக்கரோனியில் ஒரு கோப்பை உறைந்த டிப்பைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் தானாக இளகிச் சுற்றிக்கொள்ளும். ஓவன் இல்லாதவர்கள் மேல் மொறுமொறுப்புக்குப் பழைய பாணை உதிர்த்துப் பட்டரில் பொன்னிறமாக வறுத்துத் தூவலாம். எண்ணெய் வடித்த டின்மீனை வெங்காயம், பச்சை மிளகாயோடு பிரட்டி உள்ளே கலந்தால் மூன்று பேருக்கு இராச்சாப்பாடு முடிந்தது.

அல்லது ரொட்டியைக் கல்லில் கொத்திப் பிரட்டுகிற கொத்து. காலி வீதியில் பிலவூஸ் கடைச் சீஸ் கொத்துக்கு இரவு நேரத்தில் கூட்டம் நிற்கும். வீட்டில் அந்தச் சத்தம் வராது, கல்லும் கிடையாது. ஆனாலும் மிஞ்சிய ரொட்டியை அரிந்து, லீக்ஸ், கரட், கோவாவைப் பெரிய நெருப்பில் வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, ரொட்டியும் கொஞ்சம் கறிக் குழம்பும் சேர்த்துப் பிரட்டி, அடுப்பை அணைத்துவிட்டு 2 அகப்பை டிப் விட்டுப் பாருங்கள். கேட்டீர்களா, இங்கேயும் அணைத்துவிட்டுத்தான்.

ஒன்றுமே முடியாத காலை என்றால் பாண் துண்டில் டிப்பைப் பூசி, மேலே சீனிச் சம்பல் வைத்து, இன்னொரு துண்டால் மூடி, தோசைக்கல்லில் ஒரு பீங்கானைப் பாரத்துக்கு வைத்துச் சுடுங்கள். "பசையா?" என்று கேட்ட மாமி இப்போது கூடல் முடிந்த மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கதவைத் தட்டுவது இதற்காகத்தான்.